மாலை ஐந்தரை மணிச் சாப்பாடு

பிள்ளைகளுக்குச் சோறு போட விரும்புகிறோம் என்று யாராவது வந்தால், எந்த நேரத்துச் சோறு என்றுதான் முதலில் கேட்பேன். தமிழ்நாட்டில் இது அவசியமான கேள்வி. பள்ளிப் பிள்ளையின் பசிக்காக இங்கே அடுப்பு மூட்டத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளில் போட்டார்கள். அந்தப் பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆனது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் நிற்கும் கல்லூரியைத் தினமும் தாண்டிப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. வடசென்னையில் நாங்கள் மாலைச் சோறு போடும் எங்கள் தெருப் படிப்பகத்துப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லிவிடுவேன்.

1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர். என்று அந்த அடுப்பு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, இப்போது வாரத்தில் ஐந்து நாளும் வருகிறது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. ஆகவே பள்ளி நாளில், அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குக் காலையும் மதியமும் சூடாகச் சாப்பாடு உண்டு. இதற்கு மேல் இன்னொரு மதியச் சோற்றை நாம் கொண்டுபோய் நீட்டினால் அது நம் மனத் திருப்திக்காகத்தான்.

பசி வேறு இடத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட அக்காவுக்குக் காலை உணவு கிடையாது. பதினொன்றாம் வகுப்பு அண்ணனுக்கு மதிய உணவும் கிடையாது. சனி, ஞாயிறு யாருக்கும் கிடையாது. நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை, அம்மா வேலை முடிந்து வரும் எட்டு, ஒன்பது மணி வரை தனியாக இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை மே மாதம். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் அது இரட்டை ஓட்டை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் பருவம் என்பதால் அந்தத் தடை தேவைதான். ஆனால் அந்த நாள்களுக்குள்தான் பள்ளியும் கோடை விடுமுறைக்கு மூடிவிடுகிறது. அப்பாவுக்கு வருமானம் நிற்கும் மாதமும் பிள்ளைக்குப் பள்ளிச் சோறு நிற்கும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. மீனவக் குடும்பங்களுக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் கழுவி வெட்டித் தரும் பெண் எல்லாரும் அந்தப் பட்டியலில் வந்துவிடுவதில்லை.

நாங்கள் மாலை ஐந்தரை மணியைத் தேர்ந்தெடுத்ததற்கும், கோடையில் ஞாயிறு உட்பட எல்லா நாளும் அடுப்பு மூட்டுவதற்கும் காரணம் இதுதான்.

நேரத்தைக் கண்டுபிடித்தது பிள்ளைகளிடம் கேட்டுத்தான். அதிலும் கேட்கும் விதம் ஒன்று உண்டு. "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லும். வீட்டு மானத்தை எட்டு வயதுப் பிள்ளைக்குக் கட்டிக் காக்கத் தெரியும். அதனால் "நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும் வரை வாயில் என்னென்ன போட்டாய், வரிசையாகச் சொல்" என்று விளையாட்டாகக் கேட்கத் தொடங்கினோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்ன வரிசை இது. காலையில் டீ, இரண்டு பொறை ரொட்டி. மதியம் பள்ளியில் தக்காளி சாதம், முட்டை. நான்கரை மணிக்கு ஐந்து ரூபாய்த் தின்பண்ட பாக்கெட் அவளுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. பிறகு? தண்ணீர். பிறகு? அம்மா வந்து பத்து மணிக்குச் சோறு. "தம்பி அதற்குள் தூங்கிவிடுவான் அக்கா. எழுப்பி ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவான், அப்படியே சாய்ந்துவிடுவான்." அந்தத் தம்பிக்கு அப்போது நான்கு வயது. அந்த வீட்டில் அரிசி இருந்தது, பருப்பும் இருந்தது. பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் சமைக்க ஆள்தான் இல்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போய்க் கூடை எடுத்து, மதியம் வரை தெருத் தெருவாக விற்றுவிட்டு, மாலையில் ஓர் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிறவர் அவர்.

இடத்துக்கு நாங்கள் அலையவில்லை. வடசென்னையில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு மன்றமோ படிப்பகமோ கேரம் பலகையோ இருக்கும். எங்கள் தெருப் படிப்பகத்தில் ஏற்கெனவே மாலை டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கூடும் இடத்துக்குச் சோற்றைக் கொண்டுபோவது எளிது. சோறு இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை வரச்சொன்னால் அதில் ஒரு கூச்சம் ஒட்டிக்கொள்ளும். "இலவசச் சாப்பாடு" என்று ஒருநாளும் பலகை வைக்காதீர்கள். படிப்பு முடிந்து எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். வசதி உள்ள வீட்டுப் பிள்ளையும் அந்தப் பந்தியில் உட்கார வேண்டும். அப்போதுதான் இல்லாத வீட்டுப் பிள்ளை நிமிர்ந்து சாப்பிடும்.

சமையல் தெருப் பெண்களிடம். மகளிர் குழுவைச் சேர்ந்த சிலர் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். பள்ளிச் சத்துணவில் சமையலராக இருந்து ஓய்வுபெற்ற ஆயா ஒருவர் மேற்பார்வை. அண்டாவில் ஒரு படி அரிசிக்கு எவ்வளவு உலை வைக்க வேண்டும் என்பதை அவரிடம் கேட்டுத்தான் கற்றோம். வீட்டில் ஆறு பேருக்குப் பிரமாதமாகச் சமைக்கிற கைக்கு 60 பேருக்கு உப்பு போடத் தெரியாது. இது வேறு தொழில். உங்கள் பகுதியிலும் அப்படி ஓர் ஆயா கட்டாயம் இருப்பார், தேடிப் பிடியுங்கள்.

காகித வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். லாபம் இல்லாத அன்னதானம்தானே என்று உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவைச் சிலர் தவிர்க்கிறார்கள். சட்டத்தில் லாபம் வேறு, பதிவு வேறு. சிறிய சமையலுக்குக் கட்டணம் சொற்பம்தான், செய்துவிடுங்கள். வீட்டு சிலிண்டரை எடுத்து வந்து ஓட்டுவதும் வேண்டாம், 19 கிலோ வணிக சிலிண்டர்தான் முறை. அடுப்பு இருக்கும் பக்கம் பிள்ளைகள் வராதபடி ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டிருக்கிறோம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிட வேண்டும். பரிமாறும் முன் பெரியவர் இருவர் ருசி பார்க்க வேண்டும், பள்ளிச் சத்துணவில் இருக்கும் அதே வழக்கம். கை கழுவும் குழாயில் சோப்பு வைத்தால் சாக்கடையில்தான் கிடக்கும். பழைய மீன்வலைத் துண்டு ஒன்றில் சோப்பைப் போட்டுக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டார் படகுக்காரர் ஒருவர். வலையோடு தேய்த்தால் நுரை நன்றாக வருகிறது, சோப்பும் காணாமல் போவதில்லை.

அளவு எவ்வளவு என்று பலரும் தடுமாறுவார்கள். மத்திய அரசின் பள்ளி உணவு விதியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்று இருக்கிறது. நடுநிலைப் பள்ளி வயதுக்கு 150, 30, 75, ஏழரை. இதை அப்படியே 60-ஆல் பெருக்கினால் கடைப் பட்டியல் வந்துவிடும். சிறியவர்கள் 60 பேருக்கு 1.2 கிலோ பருப்பு, மூன்று கிலோ காய். எங்களுடையது முழுச் சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் நடுவில் நிற்பதால் தானியத்தைப் பாதியாக்கினோம். பருப்பையும் காயையும் குறைக்கவில்லை. எங்கும் நடப்பது இதற்கு நேர்மாறு: காசு குறைந்தால் முதலில் பருப்பில் கை வைப்பார்கள், சாம்பார் ரசமாகிவிடும். நன்கொடை குறைந்த மாதங்களில் நாங்கள் வாரத்தில் ஒரு நாளைக் கூட நிறுத்தியிருக்கிறோம், பருப்பை இளக்கியதில்லை. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பட்டியல் எளியது. ஒரு நாள் கொண்டைக்கடலைச் சுண்டலும் வாழைப்பழமும். ஒரு நாள் முருங்கைக் கீரை போட்ட கேழ்வரகு அடை, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. ஒரு நாள் காய்கறிக் கிச்சடி, அவித்த முட்டை. ஒரு நாள் பருப்புச் சாதமும் பொரியலும். மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் நெத்திலிக் குழம்பும் சோறும். காசிமேட்டுப் பிள்ளைக்கு நெத்திலியைவிட நல்ல சத்துணவை நான் எங்கே தேடுவேன்? தலையைக் கிள்ளி, நன்றாகக் கழுவி, முள்ளோடு சாப்பிடும் மீன் அது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பெரிய மீனைச் சிறு பிள்ளைகளின் பந்தியில் போடுவதில்லை, முள் பயம். அப்பளமும் ஊறுகாயும் கிடையாது. பெரியவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறார்கள். இங்கே வீட்டில் கருவாடு உண்டு, கடையில் பாக்கெட் உண்டு. நாங்களும் சேர்ந்து உப்பை ஏற்ற வேண்டியதில்லை.

கீரையோடு பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொரியலாக வைத்தால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். கூட்டில் கடைந்துபோட்டால் பச்சையாக இருக்கிறது என்று மூக்கைச் சுளிப்பார்கள். கீரை சாப்பிட்டால் கண் தெரியும், முடி வளரும் என்று எவ்வளவு சொன்னாலும் எட்டு வயதுக்கு அது பொருட்டே இல்லை. எங்களுக்கு வழி காட்டியது ஆள் பற்றாக்குறை. ஒருநாள் சமையலுக்கு வரவேண்டிய இருவர் வரவில்லை. ஆயா ஒரு முறம் முருங்கைக் கீரையைப் பிள்ளைகள் நடுவில் வைத்து, "ஆய்ந்து கொடுத்தால்தான் அடை" என்று சொல்லிவிட்டார். காம்பு இல்லாமல் உருவ வேண்டும், பழுப்பு இலையைப் பொறுக்கிப் போட வேண்டும். யார் முறத்தில் காம்பு அதிகம் என்று போட்டி வந்துவிட்டது. கீரை என்றாலே தட்டை நகர்த்தும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், அன்று அடையைப் பிய்த்து வெளிச்சத்தில் காட்டி, "இது நான் உருவிய இலை" என்று பக்கத்துப் பையனிடம் காட்டிக்கொண்டே சாப்பிட்டான். அன்றிலிருந்து ஆய்வது, உரிப்பது, பட்டாணி உடைப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. கத்தியும் அடுப்பும் மட்டும் பெரியவர்கள் கையில். அதற்காக எல்லாப் பிள்ளைகளும் கீரை தின்னத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்து முறையாவது அது தட்டில் வந்துபோக வேண்டும். ஒரு கரண்டிக்குப் பதில் ஒரு ஸ்பூன் வையுங்கள், திட்டாதீர்கள், அடுத்த வாரம் மறுபடியும் வையுங்கள்.

சொற்பொழிவு ஒன்றும் உதவாது என்பதை அரிசி விஷயத்தில் இன்னும் தெளிவாகப் பார்த்தோம். ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியபோது, தாய்மார்கள் சிலர் ஒரு கைப்பிடியைக் கொண்டுவந்து காட்டினார்கள். சில மணிகள் மட்டும் மங்கலாக, கொஞ்சம் மஞ்சளோடிக் கிடந்தன. தண்ணீரில் மிதக்கின்றன, இது பிளாஸ்டிக் அரிசி என்று தெருவெங்கும் பேச்சு. பலர் அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் அந்த மணிகளில்தான் இரும்பும் போலிக் அமிலமும் பி12-உம் இருக்கின்றன. அரிசி மாவோடு சத்துகளைக் கலந்து மறுபடி அரிசி வடிவில் பிழிந்து எடுத்து, 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்று சேர்ப்பதுதான் முறை. நாங்கள் கூட்டம் போட்டு விளக்கவில்லை. ஓர் அம்மா கொண்டுவந்த அதே மணிகளை ஒரு கிண்ணத்தில் தனியாக வேகவைத்தோம். சோறாகக் குழைந்தது. இரண்டு விரலில் வைத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் இப்படிக் குழையுமா?" என்று அந்த அம்மாவே மற்றவர்களிடம் கேட்டார். அவர் சொன்னது தெருவில் செல்லுபடியானது. நான் சொல்லியிருந்தால் ஆகியிருக்காது. அந்த அரிசியை ஏழெட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், வடிக்கும் கஞ்சியைக் கொட்டாமல் சமைப்பது நல்லது என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லிக்கொண்டோம்.

இரத்தசோகையைப் பற்றிப் பேசாமல் வடசென்னைப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. நான்கில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. இத்தனைக்கும் பட்டினி கிடக்கும் மாநிலம் என்று நம்மை யாரும் சொல்ல மாட்டார்கள். வயிறு நிறைவதும் இரத்தம் ஊறுவதும் வேறு வேறு. எங்கள் பிள்ளைகளிடம் பார்த்த காரணங்களில் முதலாவது டீ. இரண்டு வயதிலிருந்தே டீயில் பன் நனைத்துக் கொடுத்துப் பழக்குகிறோம். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வது குறைந்துவிடும். டீயை ஒழிக்க முடியாது, எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை வாழ்க்கையே டீக்கடையில்தான். ஆகவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சிறு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறோம். கீரை, சுண்டல் நாளில் எலுமிச்சை பிழிந்துவிடுகிறோம், புளிப்புப் பழம் இரும்பை உடம்பில் ஏற்றிவிடும். நெல்லிக்காய் மலிந்தால் ஆளுக்கு ஒன்று. செருப்பு இல்லாமல் கழிப்பிடம் போகாதே என்பதும் இதே பாடத்தில்தான் வரும், கொக்கிப்புழு கால் வழியாக ஏறும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும், வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நாள் தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையையும் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டதாகச் சில பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறதாம். சாப்பிட்ட பிறகு விழுங்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதுகிறேன். ஆரோக்கிய உணவு என்று பேச வருகிறவர்கள் பாதாமும் ஆப்பிளும் காட்டும் படங்களோடு வருகிறார்கள். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் ஏழை வீடுகள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுவரும் சுவரொட்டி (மண்ணீரல்), ஈரல், இரத்தப் பொரியல், மாட்டுக்கறி ஆகியவற்றில் இருக்கும் இரும்பு, கீரையில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும். பிள்ளைகள் அதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். "உன் பாட்டி சமைத்தது நல்ல சாப்பாடு" என்று ஒரு வகுப்பில் சொன்னபோது, பின்வரிசைப் பையன் ஒருவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊரின் சாப்பாட்டை மதிக்காமல் அந்த ஊர்ப் பிள்ளைக்குச் சத்துணவு கற்றுக்கொடுக்கவே முடியாது.

பாக்கெட் தின்பண்டத்தை எப்படிச் சமாளிப்பது? பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் விதி வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெரு முனைப் பெட்டிக்கடையை நடத்துபவர் கணவரை இழந்த ஓர் அக்கா. அவர் பிழைப்பைக் கெடுத்து எந்த ஆரோக்கியத்தையும் வளர்க்க எனக்கு மனமில்லை. அவரிடமே போய்ப் பேசினோம். கடலைமிட்டாய், பொரிகடலை, எள்ளுருண்டை, அவித்த வேர்க்கடலைப் பொட்டலம் ஆகியவற்றை முன்வரிசையில் வையுங்கள், விற்காமல் போனால் படிப்பகம் வாங்கிக்கொள்ளும் என்றோம். மிஞ்சியது குறைவு. பிள்ளைகளுக்கு ஒரு பாடம் வைத்தோம்: 250 மில்லி குளிர்பானப் பாட்டிலின் பின்புறத்தை வாசித்து, அதில் உள்ள சர்க்கரையை ஸ்பூனால் அளந்து ஒரு டம்ளரில் கொட்ட வேண்டும். ஐந்து ஸ்பூனைத் தாண்டியபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த டம்ளரை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவுக்குக் காட்டினாள் ஒருத்தி. பாட்டில் வாங்குவது நின்றுவிடவில்லை, வாரக் கடைசிக்கு என்று சுருங்கியது. அதுவே எனக்குப் பெரிது.

பந்தியில் நடப்பவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முட்டை நாளில் மூத்த பெண்பிள்ளைகள் சிலர் முட்டையைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் ஒளித்தார்கள். அதட்டாமல் கேட்டபோது, வீட்டில் இருக்கும் தம்பிக்கு என்றார்கள். எந்த வீட்டிலும் தம்பிக்காகத் தன் பங்கை எடுத்துவைப்பது அக்காதான், அண்ணன் இல்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு வா, இதை நீ சாப்பிடு என்று அன்றே விதியை மாற்றினோம். டியூஷன் வயது வராத சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் பந்திக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கையின் மேல்பகுதிச் சுற்றளவை அங்கன்வாடிப் பணியாளரின் நாடாவால் அளந்து பார்க்கிறோம். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அது பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே, நாடாவின் சிவப்புப் பகுதியில் இருந்தால், நம் சுண்டலும் முட்டையும் போதாது. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு உடனே கூட்டிப்போக வேண்டும். இந்த எல்லை தெரியாத அன்னதானம் ஆபத்தானது.

நன்கொடையாளர்களைப் பற்றி: பிறந்தநாளுக்கு எல்லாரும் பிரியாணியும் கேக்கும் தரத்தான் ஆசைப்படுகிறார்கள். நல்ல மனத்தோடு வருகிறவரை முறித்துப் பேசக் கூடாது. ஒரு பட்டியலை அச்சடித்து வைத்திருக்கிறோம். ஒரு நாள் முட்டை, ஒரு வாரக் கடலை, ஒரு மாத சிலிண்டர் என்று விலையோடு இருக்கும். பிறந்தநாள் கொண்டாடுகிறவர் வந்து பரிமாறலாம், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிடும் பிள்ளையைப் படம் எடுக்க மட்டும் அனுமதி இல்லை. இதனால் விலகிப்போனவர்கள் உண்டு, போகட்டும். ஒருமுறை கல்யாண மண்டபம் ஒன்றில் மிஞ்சிய சாப்பாட்டை மாலையில் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். எப்போது சமைத்தது என்று கேட்டால் காலையில் என்றார்கள். திருப்பி அனுப்பினோம். ஏழைப் பிள்ளைதானே, கொஞ்சம் ஆறிப்போனால் என்ன என்ற எண்ணம் அந்தப் பாத்திரத்தோடு சேர்ந்தே வருகிறது. அதைத்தான் முதலில் திருப்பி அனுப்ப வேண்டும்.

"சும்மா போட்டுப் போட்டுத் தாய்மார்களைச் சோம்பேறி ஆக்குகிறீர்கள்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு தாயும் பிள்ளைக்கு மாலைச் சோறு கிடைக்கிறது என்று வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. இரவு பத்து மணிக்குப் பதறிக்கொண்டு ஓடிவருவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலைகளும் படகுகளும் கறுத்தபோது, அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் திடீரென்று ஒரு தடைக்காலம் வந்ததுபோல ஆனது. ஏற்கெனவே அண்டாவும் ஆளும் பதிவும் உள்ள தெருச் சமையல்கள்தான் அப்போது மறுநாளே கைகொடுக்க முடிந்தது. புதிதாகத் தொடங்க நினைத்தவர்களுக்குப் பாத்திரம் சேரவே நாளாகிவிட்டது. சிறிய அளவிலாவது ஓர் அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

இந்தக் கோடைக்கு யாராவது தொடங்க நினைத்தால், பிப்ரவரியிலேயே பிள்ளைகளிடம் அந்த "நேற்று என்ன சாப்பிட்டாய்" கணக்கை எடுத்துவிடுங்கள். மார்ச்சில் பதிவு, சிலிண்டர், ஆயா. பருப்பும் கடலையும் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வாங்கி டின்னில் அடைத்துவிடுங்கள், தடைக்காலம் தொடங்கிய பிறகு கடற்கரைப் பக்கம் நன்கொடை கேட்க யாரிடமும் காசு இருக்காது. 20 பிள்ளைகளோடு தொடங்குவது போதும். வெயிலில் ஐந்தரை மணிக்குச் சூடான சோறு இறங்காது என்றால் நேரத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றி, மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழும் வேர்க்கடலையும் கொடுக்கலாம். கூழை முதல்நாள் இரவே கரைத்து வைக்கும் ஆள் யார் என்பதை மட்டும் பெயரோடு எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.